மணல் கொட்டிய எஞ்சின்கள்

ஓர் எஞ்சினை ஓட விடாமல் வைத்துப் பாதுகாத்தால், அங்கே பாதுகாக்கப்படுவது என்ன? இந்தக் கேள்வி கொஞ்ச காலமாக மனதை விட்டுப் போக மறுக்கிறது. பதில் சுலபமாகத்தான் தெரிகிறது: அதன் உலோகம், அதன் வடிவம், அதைச் செய்தவர்களின் கைத்தடம். ஓட விட்டால் இவையெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், ஆகவே ஓட விடாதே என்பது ஒரு கட்சி. ஓடாவிட்டால் அது வெறும் உலோகக் கட்டி, ஆகவே ஓட விடு என்பது இன்னொரு கட்சி. அரிய பழைய விமான எஞ்சின்களைத் தேடிச் சேகரிப்பவர்களும், அவற்றைப் பிரித்துக் கழுவிக் கோத்து மறுபடி உயிர்ப்பிப்பவர்களும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு பக்கம்தான் நிற்கிறார்கள். இரு தரப்பு வாதமும் எனக்கு நியாயமாகவே படுகிறது. போதாததற்கு, மூன்றாவது ஒரு கதியையும் நான் பார்த்திருக்கிறேன். பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் வெட்டித் திறந்த எஞ்சின் ஒன்று இரும்புத் தாங்கியில் நிற்கும். சிலிண்டர் சுவரில் கால்பாகம் அறுத்து எடுக்கப்பட்டிருக்கும். வெட்டுமுகத்துக்குச் சிவப்பு, எண்ணெய் போகும் வழிக்கு மஞ்சள், காற்று போகும் வழிக்கு நீலம் என்று பெயின்ட் அடித்திருப்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன் ஏறி இறங்குவதும் வால்வு திறந்து மூடுவதும் கண்ணுக்குத் தெரியும். தன்னுடைய எல்லாவற்றையும் காட்டுகிற அந்த எஞ்சின் இனி ஒருநாளும் ஓடாது. அதன் பக்கத்தில் நின்று நான் கற்றுக்கொண்டது நிறைய, அந்த நன்றி இன்றும் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சிவப்பு பெயின்ட்டை நினைக்கும்போதெல்லாம், சொல்லிக்கொடுப்பதற்காக ஒன்றை அறுத்துவிட்டோமே என்ற உறுத்தல் எழாமல் இருப்பதில்லை.

முதல் உலகப் போர்க்கால விமானங்களில் இருந்த ரோட்டரி எஞ்சினில்தான் இந்தச் சிக்கல் மிகக் கூர்மையாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். பிரான்ஸில் லூயி செகன், லோரான் செகன் என்ற சகோதரர்கள் 1908, 1909 வாக்கில் கொண்டுவந்த நோம் ஒமேகா ஏழு சிலிண்டர் கொண்டது, 50 குதிரைத்திறன். மற்ற எஞ்சின்களில் சிலிண்டர்கள் நிற்கும், உள்ளே கிராங்க் தண்டு சுழலும். இதில் கிராங்க் தண்டை விமானத்தின் சட்டத்தோடு அசையாமல் பூட்டிவிட்டு, சிலிண்டர்கள் அத்தனையும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும்படி அமைத்தார்கள். சுழலும்போதே காற்றுப் பட்டு ஆறிவிடுவதால் தண்ணீர் வேண்டாம், ரேடியேட்டர் வேண்டாம், தனியாகச் சுழல்சக்கரமும் வேண்டாம். சிலிண்டரை முழு எஃகுத் துண்டிலிருந்து கடைந்து எடுத்தார்கள். சுவரின் கனம் 1.5 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 1,200 சுற்று என்று வைத்துக்கொண்டால், அந்த மெல்லிய சுவருக்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 600 முறை நெருப்பு வெடிக்கும். பெட்ரோலும் காற்றும் உள்ளீடற்ற கிராங்க் தண்டு வழியாகக் கிராங்க் பெட்டிக்குள் வந்து சேரும். அங்கே சாதாரண எண்ணெயை விட்டால் பெட்ரோல் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். பெட்ரோலுக்கு மசியாத எண்ணெய் ஒன்று வேண்டியிருந்தது. விளக்கெண்ணெய் அதற்குச் சரியாக அமைந்தது. உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, புகையாகவும் துளியாகவும் வெளியே தெறிக்கும். விமானியின் கண்ணாடியிலும் கன்னத்திலும் படியும். மூச்சோடு உள்ளே போனது வயிற்றைக் கலக்கியதாக அந்தக் கால விமானிகளைப் பற்றிச் சொல்வார்கள். பாட்டி மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டிய எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. போர் வலுக்க வலுக்க ஆமணக்குக்குக் கிராக்கி ஏறியது. அந்நாளில் உலகத்துக்கு ஆமணக்கு முத்து அனுப்பிய நாடுகளில் முதன்மையானது இந்தியா. சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரிக் காடுகளில் வரப்போரம் நிற்கும் ஆமணக்கைப் பார்க்கும்போது, இதே செடியின் முத்தை நசுக்கி எடுத்த எண்ணெய் பிரான்ஸ் வானத்தில் எரிந்தது என்ற நினைவு எனக்குத் தவறாமல் வரும். நம் ஊர் மண்ணுக்கும் அந்த எஞ்சினுக்கும் இருந்த உறவு நாம் அறியாமலே இருந்து, அறியாமலே முடிந்துபோனது.

அந்த எண்ணெய்தான் பின்னாளில் இந்த எஞ்சின்களுக்கு எதிரியும் காவலும் ஆனது. விளக்கெண்ணெய் காற்றுப் பட்டு நாளாக நாளாகப் பிசினாகி இறுகும். ஏதோ ஒரு கொட்டகையில் அரை நூற்றாண்டு கிடந்த ரோட்டரியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தால், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு இம்மியும் நகராது. நம் ஊர் மெக்கானிக் பாஷையில் சொன்னால் ஜாம். அவசரப்பட்டுச் சுத்தியால் தட்டினால் 1.5 மில்லிமீட்டர் சுவர் நசுங்கிவிடும். கரைப்பானில் ஊறப்போட வேண்டும், இதமாகச் சூடு காட்ட வேண்டும், பிறகு மறுபடி ஊறப்போட வேண்டும். இங்கே பொறுமைதான் முதல் கருவி. பிசின் விட்டுக்கொடுத்து பிஸ்டன் ஒரு நூல் அசைகிற அந்தக் கணத்துக்காகத்தான் இந்த வேலைக்கு வருகிறவர்கள் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். பிசினைத் துடைத்த இடத்தில் சில சமயம் எஃகு நேற்றுக் கடைந்ததுபோல் பளிச்சென்று இருக்கும், லேத்தின் உளி விட்டுப்போன மெல்லிய வரிகள்கூட அப்படியே தெரியும். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கடைசல்காரர் அந்த உளியை ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்த்தினார் என்பதை அந்த வரிகளின் இடைவெளியிலிருந்து கணித்துவிடலாம். அதற்குப் பிறகு வருகிற கட்டம்தான் கடினம். ஒவ்வொரு பாகத்தையும் ஒளிரும் சாயத்தில் முக்கித் துடைத்து, புற ஊதா விளக்கின் கீழே பிடித்துப் பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் பச்சைக் கோடாக எரியும். விரிசல் விட்ட பாகத்தை எவ்வளவு பழையது, எவ்வளவு அரியது என்று பார்த்து மன்னித்து மாட்ட முடியாது. வால்வு ஸ்பிரிங் புதிது, பிஸ்டன் ரிங் புதிது, பேரிங் புதிது. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் கம்பிச்சுருளுக்குக் காப்பாகப் பூசியிருந்த அரக்கு உலர்ந்து உதிர்ந்திருந்தால் சுருளையும் புதிதாகச் சுற்ற வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகப் புதிது போட்டுக்கொண்டே போனால், கடைசியில் ஓடுகிற எஞ்சின் 1916இல் செய்ததா, இன்று செய்ததா? நியூசிலாந்தில் ஒரு பட்டறை இந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்காமல் நோம் மோனோசூப்பாப் ரோட்டரியை முழுக்கப் புதிதாகவே செய்து ஓட்டிக் காட்டியது. சேகரிப்பாளர்களில் சிலர் இதைப் போலி என்று ஒதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போலி என்றால் பார்ப்பவரை ஏமாற்ற வேண்டும். இது யாரையும் ஏமாற்றவில்லை, பழைய எஞ்சினிலிருந்த அதே கோளாறுகளோடு, அதே மணத்தோடு, அதே முரட்டுத்தனத்தோடு சுழல்கிறது. அந்த எஞ்சினைச் செய்யும் வித்தை மறுபடி ஒரு கூட்டம் மனிதர்களின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை.

அசலைப் போற்றுகிறவர்களுக்கு ஒன்று நினைவூட்டத் தோன்றுகிறது. உலகத்திலேயே அதிகம் போற்றப்படும் விமான எஞ்சின் ரைட் சகோதரர்களுடையது. அவர்களின் சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்த சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் அதைச் செய்துமுடித்தார். நான்கு சிலிண்டர், சுமார் 12 குதிரைத்திறன். கிராங்க் பெட்டி அலுமினிய வார்ப்பு, கிராங்க் தண்டு ஒரே எஃகுப் பலகையிலிருந்து துளையிட்டு, வெட்டி, கடைந்து எடுத்தது. 1903 டிசம்பர் 17 அன்று நான்கு முறை பறந்து முடித்தபின் ஒரு காற்று அடித்து விமானத்தைப் புரட்டிப் போட்டது, எஞ்சினும் உடைந்தது. 1906இல் நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அதன் கிராங்க் தண்டையும் சுழல்சக்கரத்தையும் இரவல் கொடுத்தார்கள். அவை திரும்பி வரவே இல்லை. இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அந்த விமானத்தின் முன்னால் மௌனமாக நிற்பவர்கள் பார்ப்பது, அன்று காலை ஓடிய அதே எஞ்சினின் முழு உடலை அல்ல. இதைக் கேட்டதும் எனக்கு ஏமாற்றம் வரவில்லை, ஒருவித நிம்மதிதான் வந்தது. எஞ்சின் என்பது பிறந்த நாளிலிருந்தே பாகம் மாறிக்கொண்டிருக்கிற பொருள். சார்லி டெய்லரே உயிரோடு வந்து நின்றிருந்தால், தேய்ந்த பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது ஒன்றைக் கடைந்து மாட்டியிருப்பார். அசல் பாகம் என்று அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க அவருக்குத் தோன்றியே இருக்காது.

அப்படியானால் ஓட விடுவதே சரி என்று முடித்துவிடலாமா? இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ஓல்ட் வார்டன் என்ற ஊரில் ஷட்டில்வொர்த் சேகரிப்பு இருக்கிறது. அதைத் தொடங்கிய ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் 1940இல் விமானப்படைப் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். அவருடைய தாயார் மகன் சேர்த்ததை அறக்கட்டளையாக்கிக் காப்பாற்றினார். 1909ஆம் ஆண்டு ப்ளெரியோ விமானம் ஒன்று அங்கே இன்றும் மூன்று சிலிண்டர் அன்ஸானி எஞ்சினோடு தரையை விட்டு எழும்புகிறது. எழும்புகிறது என்றால் வட்டமடிப்பதில்லை. காற்று அடங்கிய மாலை வேளை பார்த்து, நேர்க்கோட்டில் ஒரு தாவல், மறுபடி தரை. அந்த எஞ்சினின் நேரத்தைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறார்கள். பறக்கப் பிறந்த ஒன்றைச் சில நொடிகளுக்கு மட்டும் அனுமதிப்பதில் ஒரு துக்கம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சில நொடிகளுக்காக வருடம் முழுவதும் யாரோ ஒருவர் அதன் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கிறார், மேக்னெட்டோவின் முனையைத் துடைக்கிறார், எந்தக் குளிரில் எத்தனை துளி பெட்ரோலைச் சிலிண்டருக்குள் விட்டால் அது பற்றும் என்று பழகிக்கொள்கிறார். அவர் இன்னொருவருக்குக் காட்டிக்கொடுக்கிறார். பறக்கிற நொடிகளைவிட இந்தப் பழக்கம் நீடிப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் இருக்கும் எஞ்சினுக்கு இந்த ஆள் தேவைப்படுவதில்லை. தூசி துடைப்பவர் போதும்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு இல்லை என்பதற்கு நேப்பியர் சேபர் எஞ்சினின் கதையே போதும். இரண்டாம் உலகப் போரில் ஹாக்கர் டைஃபூன், டெம்பெஸ்ட் விமானங்களை இழுத்த 24 சிலிண்டர் ராட்சதம், 2,000 குதிரைத்திறனுக்கு மேல். வால்வுகளுக்குப் பதிலாக, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஓர் உருளை உறை ஏறி இறங்கித் திரும்பி, துளைகளைத் திறந்து மூடும். வரைபடம் இருந்தது, தொழிற்சாலை இருந்தது, போர்க்கால அரசின் பணமும் அவசரமும் இருந்தன. உறை மட்டும் வட்டமாக நிற்கவில்லை. ஓட ஓட முட்டை வடிவத்துக்குப் போய், எஞ்சின் மேல் எஞ்சினாக நாசமாகியது. அந்த உறையைச் சரியாகச் செய்யும் சூட்சுமம் பிரிஸ்டல் கம்பெனியின் பட்டறையில் இருந்தது, பல வருடம் தோற்றுத் தோற்று அவர்கள் கண்டுபிடித்தது. பிரிஸ்டலின் டாரஸ் எஞ்சினுக்கும் இதற்கும் சிலிண்டர் விட்டம் ஒன்று என்பதால், அந்த வித்தையை இங்கே கொண்டுவந்த பிறகுதான் சேபர் நம்பி ஏறக்கூடிய எஞ்சினாக ஆனது. ஆயிரக்கணக்கில் செய்த அந்த எஞ்சின் போர் முடிந்து சில வருடங்களில் வழக்கொழிந்தது. இன்று அருங்காட்சியகங்களில் உடல்கள் இருக்கின்றன. ஒன்றை ஓட வைக்க முயல்கிறவர்கள் பாகத்தை மட்டும் தேடவில்லை, பாகத்தோடு செத்துப்போன கைப்பக்குவத்தையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் எஞ்சினின் கதை இதற்கு நேர் மறுபக்கம். அதைத் தங்கள் மான்செஸ்டர் தொழிற்சாலையில் செய்ய முன்வந்த ஃபோர்ட் பொறியாளர்கள், உங்கள் வரைபடத்தை வைத்து எங்களால் செய்ய முடியாது என்றார்களாம். அவ்வளவு நுட்பமாகச் செய்ய வராதா என்று கேட்டதற்கு, உங்கள் அளவுகள் எங்களுக்கு மிகவும் தளர்ந்தவை என்று பதில் வந்ததாக ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர் ஸ்டான்லி ஹூக்கர் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ரோல்ஸ் ராய்ஸில் தேர்ந்த ஃபிட்டர்கள் அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, மறுபடி ராவி மாட்டினார்கள். மிச்சம் வரைபடத்தில் இல்லை, அவர்கள் விரலில் இருந்தது. ஃபோர்ட் அத்தனை வரைபடங்களையும் திரும்ப வரைந்து, யார் எடுத்து மாட்டினாலும் பொருந்துகிற மாதிரி 30,000 மெர்லின்களுக்கு மேல் செய்து கொடுத்தது. மெர்லின்கள் இன்றும் இத்தனை ஓடுவதற்கு, விரலில் இருந்ததைத் தாளுக்குக் கொண்டுவர ஒருவர் அன்று மெனக்கெட்டதும் ஒரு காரணம்.

இப்போது கான்பூருக்கு வருகிறேன். உண்மையில் நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் கான்பூரில் குவிந்து கிடந்தன. அமெரிக்காவிடம் இரவல் ஒப்பந்தத்தில் வாங்கியவை, போருக்குப் பின் யாரும் பயன்படுத்தக் கூடாது. ஆகவே விட்டுப் போகுமுன் அவற்றைப் பாழாக்கினார்கள். கருவிகளை உடைத்தார்கள், உடல்மேல் வண்டியை மோதினார்கள், எஞ்சின்களுக்குள் மணலைக் கொட்டினார்கள் என்று நம் விமானப்படை வரலாற்றை எழுதியவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். எஞ்சினுக்குள் மணல் என்பதன் கொடுமை, ஒரு தடவையாவது பேரிங் மாற்றிய எவருக்கும் தெரியும். ஒவ்வொரு விமானத்திலும் நான்கு ப்ராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப் எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாக 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். ஒரு விமானத்துக்கு 56 சிலிண்டர், 112 ஸ்பார்க் பிளக். 1948இல் இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் அவசரமாகத் தேவைப்பட்டது, வாங்கப் பணமில்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் கான்பூர் போனார்கள். ஒரே ஒரு பயணத்துக்குத் தாங்கும் அளவுக்கு ஒவ்வொன்றையும் ஒட்டுப்போட்டு எழுப்பினார்கள். ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றில் ஏறிப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்தார்கள். இப்படி ஏறக்குறைய 40 விமானங்கள் படையில் சேர்ந்து, 1968 வரை பறந்தன. இது எப்படிச் சாத்தியமானது என்று யோசித்தால், வீரமும் துணிச்சலும் மட்டும் காரணம் இல்லை என்பது தெரியும். 1943இல் அமெரிக்க ராணுவம் அந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டு தன் விமானங்களையும் எஞ்சின்களையும் பழுதுபார்க்கும் கிடங்காக நடத்தியது. பெங்களூர்த் தொழிலாளிகள் அங்கே இந்த ரக எஞ்சின்களைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருந்தார்கள். மணல் கொட்டியவர்களால் உலோகத்தைத்தான் பாழாக்க முடிந்தது.

அந்தத் தொழிலாளிகளின் கை என்ன அறிந்திருந்தது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ட்வின் வாஸ்ப் எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருப்பதால் சில சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். நின்றிருக்கும்போது எண்ணெய் கசிந்து அந்த அடிச் சிலிண்டர்களில் தேங்கும். எண்ணெயை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் கீழே இறங்கி எண்ணெயில் மோதும், இணைப்புத்தண்டு லேசாக வளையும். ஆகவே ஸ்டார்ட் செய்யுமுன் ப்ரொப்பெல்லரின் இலைகளை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துச் சுற்ற வேண்டும். இழுக்கும்போது இரண்டு வகைத் தடை கைக்குத் தெரியும். காற்று அமுங்குவதால் வருவது மெத்தென்று இருக்கும், தள்ளினால் தள்ளிக்கொடுக்கும். எண்ணெயால் வருவது சுவரில் முட்டியதுபோல் சட்டென்று நிற்கும். அங்கே பலத்தைக் காட்டக் கூடாது. பின்னோக்கிச் சுற்றிவிடலாம் என்று நினைக்கவும் கூடாது, எண்ணெய் உள்ளே வரும் குழாய்க்குப் போய், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் திரும்பி வரும். அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும், எண்ணெய் வடியும்வரை காத்திருக்க வேண்டும். பலத்தைக் காட்டியவரின் எஞ்சின் அன்றைக்கு நன்றாகவே ஓடும். வளைந்த தண்டு பல மணி நேரம் பறந்தபின் என்றைக்கோ ஒருநாள் ஆகாயத்தில் முறியும். மெத்தென்ற தடைக்கும் முட்டென்ற தடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையேட்டில் வார்த்தையாக எழுதிவிடலாம். ஆனால் தோளுக்கு அது தெரிய வேண்டும், அதை இன்னொரு தோள்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க முடியும்.

இந்த இடத்தில் என் கேள்வி வேறு விதமாகத் திரும்புகிறது. வசதியுள்ள நாடுகள் போர் முடிந்ததும் லிபரேட்டர்களை உருக்கி அலுமினியக் கட்டிகளாக்கின. இல்லாமையால் நாம் பிடித்துவைத்து ஓட்டினோம். விளைவு, இன்று லண்டனில் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்பது நம்மிடமிருந்து போன லிபரேட்டர். ஒட்டாவாவில் நிற்பதும், அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் நிற்பதும் அப்படிப் போனவையே. அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை வைத்திருந்து பல வருடம் பறக்கவிட்ட லிபரேட்டரும் கான்பூரில் கைவிடப்பட்டு நம் படையில் பறந்ததுதான். சேகரிப்பவர்கள் காப்பாற்றினார்கள் என்று நன்றியோடு எழுதுகிறோம், அந்த நன்றி நியாயமானது. ஆனால் அவர்கள் சேகரிப்பதற்கு ஒன்று மிஞ்சியிருந்ததே, சேகரிக்கும் எண்ணம் துளியும் இல்லாமல், வேலை ஆக வேண்டும் என்பதற்காக மணலை அள்ளி வெளியே போட்டவர்களால்தான். அவர்களில் விமானியின் பெயர் நமக்குத் தெரிகிறது. 56 சிலிண்டர்களைக் கழுவியவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் யாருக்கும் நா எழாது. கைப்பக்குவம் கை மாறாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் அதே காலிங்ஸ் அறக்கட்டளையே சாட்சி. 2019 அக்டோபர் 2 அன்று அவர்களுடைய பி-17 விமானம் கனெக்டிகட் மாநிலத்தில் பயணிகளோடு விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நான்காவது எஞ்சின் சக்தி இழந்தபின் விமானி வேகத்தைக் கையாண்ட விதமே முதற்காரணம் என்று விசாரணை சொன்னது. கூடவே போதாத பராமரிப்பையும் சொன்னது. மேக்னெட்டோவிலும் ஸ்பார்க் பிளக்குகளிலும் கோளாறுகள் கண்டுபிடிக்கப்பட்டன. மேக்னெட்டோ, ஸ்பார்க் பிளக். கவனமான ஒரு கை தினமும் தொட்டுப் பார்த்திருக்க வேண்டியவை. ஓட விடு என்று வாதாடுகிறவர்கள், நானும் அவர்களில் ஒருவன், இந்த ஏழு பேரை மறந்துவிட்டு வாதாடக் கூடாது. தேர்ந்த கை இல்லாமல் பழைய எஞ்சினை ஓட்டுவது, அதை ஓட்டாமல் வைப்பதைவிட மோசமான மறதி.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நிறுத்திவைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததையும், அவை தன்னை விமானப் பொறியியலுக்கு இழுத்ததையும் அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்லியிருக்கிறார். பறக்காத விமானம் பேசாது என்று நான் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். வெட்டித் திறந்த எஞ்சினும் யாரோ ஒரு பிள்ளையிடம் இன்றும் பேசிக்கொண்டிருக்கலாம். ஆகவே என் முடிவை இப்படிச் சொல்கிறேன். ஒரே ஒன்று மிஞ்சியிருக்கிறதென்றால் அதைத் தொடாதீர்கள், அளவெடுங்கள், படமெடுங்கள், அப்படியே வையுங்கள். இரண்டாவது கிடைத்தால் அதை ஓட்டுங்கள், ஓட்டுவதற்கு இளையவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஓட்டுங்கள். பாகம் தேய்ந்தால் வெட்கப்படாமல் புதிது செய்து மாட்டுங்கள். எஞ்சினைப் பெட்டியோடு வாங்கிக் கிடங்கில் பூட்டிவைத்து விலை ஏறக் காத்திருப்பதை மட்டும் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். அதில் உலோகமும் யாருக்கும் கிடைக்காது, வித்தையும் கிடைக்காது. நமக்கோ சேகரிக்க எஞ்சின்கள் அதிகம் மிச்சமில்லை. லிபரேட்டரில் இருந்த அதே ட்வின் வாஸ்ப்தான் டகோட்டா போக்குவரத்து விமானத்திலும் இருந்தது. 2018இல் இங்கிலாந்திலிருந்து சீர்செய்து கொண்டுவந்த ‘பரசுராமா’ டகோட்டா நம் விமானப்படையிடம் இருக்கிறது. அதை அன்று சீர்செய்த கைகள்கூட இங்கிலாந்துக் கைகள். நம்மிடம் மிஞ்சியிருப்பது ஆட்கள். விமானப்படையில் டகோட்டா, பாக்கெட் விமானங்களைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்குகள், பெங்களூர்த் தொழிற்சாலையில் ஓவர்ஹால் பிரிவில் வேலை செய்தவர்கள், எழுபதையும் எண்பதையும் தாண்டி, தாம்பரத்திலும் ஆவடியிலும் கோவையிலும் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கக் கூடும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் போய் உட்காருங்கள். எந்த ஊருக்குப் போனீர்கள், எந்தப் போரைப் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள் ஐயா. அடிச் சிலிண்டரில் எண்ணெய் தேங்கியதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ரிங்கை உடையாமல் எப்படி மாட்டினீர்கள், மேக்னெட்டோவின் டைமிங்கை எதை வைத்துச் சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள். அவர் கையை அசைத்துக் காட்டுவார். அந்தக் கையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள், சொன்னதைத் தமிழில் எழுதிவையுங்கள்.